ஒன்று இருபதுக்குப் போட்ட கையெழுத்து

போன மாதம் நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு தபால் தலையின் படத்தைப் போட்டிருந்தாள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய ஆல்பத்தில் கிடைத்ததாம். கருஞ்சிவப்புப் பின்னணியில் குதிரைகள் இழுக்கும் தீயணைப்பு வண்டி, அதன் பின்னால் ஏணி ஏற்றிய புது வண்டி, மூலையில் ஒரு பித்தளைத் தொப்பி. வடக்கே ஒரு பெரிய நகரத்தின் தீயணைப்புப் படை கடந்து வந்த காலத்தைக் கௌரவித்து வெளியிட்டது. "இது யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

நாலைந்து பேர் உடனே பதில் போட்டீர்கள். அதில் ஒரு பதில்: "இல்லாமலா? நம்மாளு அவங்கப்பாகூட ஃபயர் வண்டியில சிதம்பரம் கோயில் பாக்கப் போனாளே, அந்த ஸ்டாம்புதானே?" கூடவே சிரிக்கிற பொம்மைகள் மூன்று.

எழுதியவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஊரில் நிலைத்துப்போன கதை அதுதான். விசாரணைக் காகிதத்தில் எழுதப்பட்டதும் அதுதான். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. எனக்கும் முழங்கால் இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. இனியும் நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆள் கிடையாது. அதனால் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பா தீயணைப்பு வண்டி டிரைவர். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. கடலூரைச் சுற்றி இருந்தவற்றில் ஒன்று, உங்களுக்குத் தெரியும். நிலையத்துக்குப் பின்னாலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. காலையில் கண் விழித்தால் மூக்கில் ஏறுவது டீசல் வாசனையும் பித்தளை பாலிஷ் வாசனையும்தான். நனைந்த ஹோஸ்களைக் கம்பத்தில் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவில் புகுந்து ஓடினால் ஈரக் கித்தான் முகத்தில் அறையும்.

நிலையத்தின் ஆபீசர் எனக்கு ஞானத்தகப்பன். மாதா கோயிலில் ஞானஸ்நானத்தின்போது என்னைக் கையில் ஏந்தியவர். நான் அவரை ஞானப்பா என்று கூப்பிடுவேன். அப்பாவும் அவரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள், சின்ன வயதில் ஒன்றாகப் பாட்டுக் குழுவில் பாடியவர்கள். அவர் படித்து அதிகாரியானார், அப்பா டிரைவரானார். காக்கி உடுப்பில் இருக்கும்போது அவர் அப்பாவை "டிரைவர்" என்பார். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் "மச்சான், காப்பி கெடைக்குமா?" என்பார். அம்மா ஓடுவாள். எனக்குப் பிறந்தநாள் உடுப்பு, முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன், ஜெபமாலை எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தவைதான். அவரைவிட எனக்கு அப்பாவை அதிகம் பிடிக்குமா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் மணியைக் குறிப்பார். வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று லாக் புத்தகம் எழுதி எழுதிப் பழகிய கை. என் ரேங்க் கார்டில் ஒருமுறை அப்பாவுக்குப் பதில் அவர் கையெழுத்துப் போட்டார். அதிலும் "மாலை 5.40" என்று எழுதியிருந்ததைப் பார்த்து நம் டீச்சர் சிரித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அப்புறம் அவள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் குழுவில் அவள் இல்லை. உப்பங்கழி ஓரத்துக் குடிசைகளில் இருந்து வருவாள். அவளுடைய அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் பால் பட்டுப்பட்டு அந்த அம்மாவின் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, மறுபடி கறுத்திருக்கும். அவளுக்கு அப்பா இல்லை. பெரியப்பா இருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கயிற்றுக் கட்டிலிலேயே கிடந்தவர். ஆனால் குரல் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன். "வாம்மா ஃபயர் ஆபீசரு! இன்னிக்கி எங்க தீ?" என்பார். "எங்கயும் இல்ல பெரியப்பா" என்றால், "அப்ப ஒங்கப்பாவுக்குச் சம்பளம் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். முந்திரிப் பழத்தில் உப்புத் தடவிக் கொடுப்பார். தொண்டை கரகரத்து இருமினால் அதற்கும் சிரிப்பார்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் நல்ல வெயிலில் வந்தது. பங்குனியிலேயே கூரைகள் காய்ந்து மொறுமொறுவென்று கிடந்தன. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் மணி அடிக்கும். கையைக் கழுவாமல் ஓடுவார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் வைக்கோல் போர், நெல்லிக்குப்பத்தில் கரும்புத் தோட்டம், எங்கோ ஒரு மரக்கடை. பெரிய வண்டி ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது. பழைய வண்டி பட்டறையில் கிடந்தது.

அப்போதுதான் அந்தத் தபால் தலை பற்றிய பேச்சு வந்தது. சிதம்பரத்தில் தபால் தலை சேகரிக்கிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. தீயணைப்புப் படையின் தபால் தலை வெளியாவதை ஒட்டி ஒரு மண்டபத்தில் விழா வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு நிஜமான தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஒரு பெரிய மனிதர் சிறப்பு விருந்தினராக வருகிறார், அவருக்கு மேலிடத்தில் செல்வாக்கு என்று பேசிக்கொண்டார்கள். ஞானப்பா எங்கள் வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டு வாசலில் நின்று இருவரும் பேசியது எனக்குக் கேட்டது.

"இருக்கறது ஒரு வண்டி. இத எடுத்துக்கினு அவ்ளோ தூரம் போனா இங்க யாரு பாக்கறது?" என்றார் அப்பா.

"காலைல போறோம், பதினோரு மணிக்குத் திரும்பறோம். நான் பாத்துக்கறேன் மச்சான். நீ ஏன் பயப்படற?" ஞானப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "பாப்பாவும் வரட்டும். வண்டியில முன்னாடி குந்திக்கினு வரட்டும். ஸ்டாம்பு ஒட்டுன கவர் ஒண்ணு வாங்கித் தரேன்."

அப்பா வேண்டாம் என்றார். ஞானப்பா சிரித்துக்கொண்டே, "எம் பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன், ஒனக்கு இன்னா?" என்றார். அத்தோடு அது முடிந்தது.

மூன்று நாள் வண்டியைக் கழுவித் துடைத்தார்கள். மணியில் என் முகம் தெரிந்தது. சனிக்கிழமை காலை அப்பாவுக்கும் ஞானப்பாவுக்கும் நடுவில் நான். பின்னால் மூன்று ஃபயர்மேன்கள். செம்மங்குப்பம் தாண்டும்போது ரோட்டோரப் பிள்ளைகள் கையாட்டினார்கள். ஞானப்பா, "அடி, அடி" என்றார். நான் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சத்தம் என் தோளில் இறங்கி வயிறு வரை போனது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

சிதம்பரத்தில் மண்டபத்து வாசலில் வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஏணியைத் தொட்டுப் பார்த்தார்கள். தூரத்தில் கோபுரம் தெரிந்தது. அந்தக் கோபுரத்தை நான் அங்கிருந்துதான் பார்த்தேன். கிட்டப் போகவில்லை. இதை இரண்டு முறை எழுதச் சொன்னாலும் எழுதுவேன்: கிட்டப் போகவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி இருக்கும். மண்டபத்து ஆள் ஒருவர் ஓடிவந்தார். எங்கள் நிலையத்தில் போனைக் கவனிக்கிறவர் கூப்பிட்டிருக்கிறார். உப்பங்கழி ஓரம் குடிசைகளில் தீ.

அப்பா இன்ஜினைப் போட்டுவிட்டார். ஞானப்பா வண்டிக்கு முன்னால் வந்து கையைக் காட்டினார்.

"ஐயா, நம்ம ஏரியா கால். கெளம்பணும்" என்றார் அப்பா.

"இரு டிரைவர். பெரியவரு புதுத் தெரு முனைக்கு வந்துட்டாராம். வண்டிகூட ஒரு போட்டோ எடுத்துக்கினு அனுப்பிடலாம். பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்லச் சொல்லிட்டேன். அவுங்க போயிருப்பாங்க."

"அவுங்ககிட்ட சின்ன வண்டிதான் ஐயா. அங்க கூரை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கினு இருக்கு. முந்திரித் தோலு வேற மூட்டை மூட்டையா…"

"பத்து நிமிஷம். ஆர்டர் போட்டாத்தான் கேப்பியா?"

அப்பா இன்ஜினை நிறுத்தவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. என் இருக்கை அதிர்ந்தது. எனக்கு அவளுடைய வீடு எங்கே என்று தெரியும். ஆனால் அவளுடைய வீடு எரியும் என்று தோன்றவில்லை. நம்முடைய ஆட்களுக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிற வயது.

பெரியவர் வந்தார். படம் எடுத்தார்கள். ஞானப்பா உள்ளே போய் ஒரு உறையோடு திரும்பி வந்தார். தபால் தலை ஒட்டி, அதன் மேல் சிதம்பரம் என்ற பெயரும் அன்றைய தேதியும் வட்டமாக முத்திரை குத்தியிருந்த உறை. அதைத் திருப்பி, வண்டியின் பானட் மேலேயே வைத்து எழுதினார்: "என் ஞானமகளுக்கு, நம் வண்டியோடு சிதம்பரத்தில்." கீழே கையெழுத்து. பக்கத்தில், பழக்கப்படி, பிற்பகல் 1.20.

"பத்திரமா வெச்சிக்கோ" என்று ஜன்னல் வழியே நீட்டினார்.

அதற்கப்புறம்தான் வண்டி கிளம்பியது. ஞானப்பா விருந்தினரோடு சாப்பிட நின்றுவிட்டார். மாலையைக்கூடக் கழற்றவில்லை. சாமந்தி இதழ்கள் காற்றில் பிய்ந்து கண்ணாடியில் ஒட்டின. நான் மணியைத் தொடவில்லை. பின்னால் நின்றவர் விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதுமே புகை தெரிந்தது. சாதாரணப் புகை இல்லை. முந்திரித் தோல் எரிகிற கறுப்புப் புகை. கண்ணிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்கிற புகை.

அப்பா என்னை மாதா கோயில் வளைவில் இறக்கிவிட்டார். வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. வண்டியின் பின்னாலேயே ஓடினேன்.

சின்ன வண்டி ஒன்று எங்களுக்கு முன்னாலேயே வந்து, தண்ணீர் தீர்ந்து, கழியிலிருந்து இழுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது. குடிசைகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. மாலையும் கழுத்துமாக எங்கள் வண்டி வந்து நின்றதைப் பார்த்துச் சனம் திரும்பியது. பிறகு ஒரு கிழவர் ஈரச் சாம்பலை அள்ளி அப்பாவின் முகத்தில் அடித்தார். "கல்யாணத்துக்குப் போயிட்டு வரியாடா?" என்று கத்தினார். அப்பா முகத்தைத் துடைக்கவில்லை. ஹோஸைப் பிரித்துக்கொண்டு ஓடினார். ஓடி என்ன? அணைக்க எதுவும் மிச்சமில்லை.

அவளுடைய பெரியப்பாவைக் கட்டிலோடு தூக்க நாலு பேர் முயன்றிருக்கிறார்கள். அதற்குள் கூரை அவர்மேல் விழுந்துவிட்டது. அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்து அந்தக் கறுத்த கைகளால் மண்ணை அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் அந்த உறை இருந்தது. நான் அதைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் குருத்து ஞாயிறு. கோயிலில் ஓலை பிடித்துப் போனோம். அப்பா கடைசி வரிசையில் நின்றார். யாரும் அவர் பக்கம் நிற்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம், அப்பா டியூட்டியில் இருந்தபோது, ஞானப்பா வீட்டுக்கு வந்தார். சாதாரண உடுப்பில் வந்தார். அம்மா காப்பி போடப் போனாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார்.

"அந்தக் கவரு எங்கம்மா?"

"ஞானோபதேசப் புஸ்தகத்துல வெச்சிருக்கேன் ஞானப்பா."

"எடுத்தா. கண்ணாடி போட்டுத் தரேன். மாட்டி வெச்சிக்கலாம், கெடாம இருக்கும்."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இஸ்கூல்ல யாராவது வண்டி ஏன் லேட்டுன்னு கேட்டா, புதுச்சத்திரம் பக்கத்துல ரிப்பேராயி நின்னுடுச்சுன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாத. அப்பாவுக்கு வேல போயிடும். அப்பாவுக்கு வேல போனா நல்லா இருக்குமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பாகிட்டகூட இதச் சொல்லாத. அவுரு பாவம், ஏற்கெனவே மனசு ஒடஞ்சி கெடக்காரு."

அம்மா காப்பியோடு வந்தாள். "அண்ணே, நீங்கதான் அவுரைக் காப்பாத்தணும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் இருக்கறப்ப இன்னாம்மா கவலை?" என்றார் அவர். காப்பி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம். அன்றுதான் அவள் திரும்பி வந்தாள். யாரோ கொடுத்த பெரிய அளவுச் சட்டை, தோள் இறங்கித் தொங்கியது. புத்தகம் எதுவும் இல்லை. மணியடித்து எல்லோரும் வெளியே போன பிறகு என்னிடம் கேட்டாள்.

"ஒங்கப்பா வண்டி ஏன்டி அன்னிக்கி வரல?"

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "புதுச்சத்திரம் பக்கத்துல ரிப்பேராயிடுச்சு."

"நீ அதுல இருந்தியா?"

"இல்ல" என்றேன். அது எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதது. நானே சொன்னது.

மறுநாள் அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். பள்ளி முடியும்வரை என் பக்கத்தில் உட்காரவில்லை. அப்பாமேல் இருந்த கோபத்தை என்மேல் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒரு தப்பும் செய்யாத என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று அவள் மேல் எனக்கு வருஷக்கணக்கில் வருத்தம் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் விசாரணை என்று ஓலை வந்தது. போன் கவனிக்கிறவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு லாக் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார். ஞானப்பா தன் கையால் எழுதியிருந்தார்: பதினொரு மணிக்கு வண்டியைத் திருப்பி அனுப்பினேன். டிரைவர் தன் மகளுக்குக் கோயில் காட்டப் போய், நேரத்துக்கு வரவில்லை. ரிப்பேர் கதை எல்லாம் வெளியே பேசத்தான். காகிதத்தில் இருந்தது இதுதான்.

அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றார். முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

"அந்தக் கவர எடும்மா. அதுல மணி எழுதியிருக்காரு. ஒண்ணு இருவதுக்கு அவரே அங்க வண்டிகூட நிக்கறாரு. அது போதும்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"எடும்மா."

"ஞானப்பா வாங்கிட்டுப் போயிட்டாரு. கண்ணாடி போடறதுக்கு."

அப்பா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். மறு ஷூவை அவிழ்க்கவில்லை. என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஞானப்பா வீட்டுக்குப் போனார். ஞானப்பா வாசலில் நாற்காலி போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் நுரை.

"ஐயா, பாப்பாகிட்ட வாங்குன கவரைக் குடுத்துடுங்க" என்றார் அப்பா.

"எந்தக் கவரு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான், "நீங்க கண்ணாடி போடறேன்னு வாங்கிட்டுப் போனீங்களே ஞானப்பா" என்றேன்.

அவர் கத்தியைக் கிண்ணத்தில் வைத்தார். குனிந்து, என் கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்து, அதே பழைய குரலில் கேட்டார்:

"ஞானப்பா ஒங்கிட்டேர்ந்து எதுவும் வாங்கலியேம்மா. நீ எங்கனா தொலச்சிட்டியா? பயப்படாத, நெசத்தச் சொல்லு."

பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்லும்போது இவ்வளவு அன்பாகப் பார்ப்பார்கள் என்பது தெரியாது. ஒரு கணம், நான்தான் தொலைத்துவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. உறையைக் கொடுத்தது ஒரு பக்கம். அந்த ஒரு கணம் அவரை நம்பி என்னையே சந்தேகப்பட்டேனே, அது இன்னொரு பக்கம்.

"மச்சான்னு கூப்புடுவீங்களே ஐயா" என்றார் அப்பா.

"விசாரணை நடக்கறப்ப அப்படியெல்லாம் கூப்பிட முடியாது டிரைவர்" என்றார் அவர். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

விசாரணையில், பின்னால் நின்று வந்த மூன்று பேரும் தங்களுக்கு மணி நினைவில்லை என்றார்கள். போன் கவனித்தவர் தான் சிதம்பரத்துக்குப் போன் போட்டதே நினைவில்லை என்றார். எல்லோருக்கும் பிள்ளை குட்டி. பத்து வயதுப் பெண்ணை யார் கேட்பார்கள்? என்னை வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. "நீ கோயில் பாக்கணும்னு அழுதிருப்ப, அவுரு எளகிக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. இதுல அண்ணன் மேல எதுக்கு பழி?" என்றாள் அம்மா. போகவேயில்லை என்று சத்தியம் செய்தேன். தபசு முடிந்த கையோடு பொய்ச் சத்தியம் வேறா என்று வாயில் அடித்தாள். அம்மா சாகும்வரை அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்பாவிடமிருந்து வண்டியைப் பிடுங்கினார்கள். தெற்கே எங்கோ ஒரு நிலையத்துக்குச் சாதாரண ஃபயர்மேனாக மாற்றினார்கள். இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்து நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு ஏற்றுகிற லாரி ஓட்டினார். ஞானப்பா படிப்படியாக மேலே போனார். அவர் செத்தபோது அப்பா அடக்கத்துக்குப் போய்வந்தார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "பாட்டுக் குழுவுல எனக்குக் கீழ்க்குரல் சொல்லிக் குடுத்தவரு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து அந்த விஷயத்தை யாரும் வாங்க முடிந்ததில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. குழுவில் அந்தச் சிரிக்கிற பொம்மைகளைப் பார்த்த அன்று, முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. அவள் மகள் வீட்டோடு சிதம்பரத்தில் இருக்கிறாள் என்று ஒருத்தியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, போன வாரம் பஸ் ஏறினேன்.

தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்சம் பேசினோம். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி நின்றது, படம் எடுத்தது, உறை, ஞானப்பா, சவரக் கத்தி எல்லாம். சொல்லும்போது அழுதுவிட்டேன். என்னை எப்படி ஏமாற்றிவிட்டார் பார் என்று சொன்னேன். முடித்த பிறகு அவள் சொன்னாள்:

"இது எனக்குத் தெரியும்டி."

"யாரு சொன்னா?"

"ஒங்கப்பாதான். பாஸ்கா மறுநாளு, திங்கக்கெழம காலைல, எரிஞ்ச எடத்துக்கு வந்தாரு. நாங்க அங்கதான் ஓலை கட்டிக்கினு இருந்தோம். எங்கம்மா முன்னால வந்து நின்னு, நான் அங்கயே நின்னுட்டேன், அவரு பேச்சத் தட்டிட்டு வந்திருக்கணும், வரலன்னு சொன்னாரு. எல்லாத்தயும் சொன்னாரு. எங்கம்மா, யாரு யாரு இருந்தீங்கன்னு கேட்டாங்க. எம் பொண்ணும் வண்டியிலதான் இருந்தா, அவளுக்கும் எல்லாம் தெரியும்னாரு. எங்கம்மா விசாரணைக்குக்கூடப் போனாங்க. சாயங்காலம் வரைக்கும் வெளியிலயே ஒக்கார வெச்சி அனுப்பிட்டாங்க."

திங்கட்கிழமை. அவள் பள்ளிக்கூடம் வந்தது செவ்வாய்க்கிழமை.

"அப்ப நீ என்னைக் கேட்டது…"

"தெரிஞ்சுதான் கேட்டேன். நீ சொல்லுவன்னு நெனச்சேன். ஒங்கப்பாவே சொல்லிட்டாரு, நீ சொல்ல மாட்டியான்னு." அவள் குரலில் கோபம் இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். "அந்த ஆபீசரு எனக்கு யாரு? எவனோ. அவன் பொய் சொன்னா சொல்லிட்டுப் போறான். நீ பெரியப்பா கையால பழம் வாங்கித் தின்னவ."

நான் பத்து வயசுடி, அவர் சொல்லச் சொன்னார், அப்பா வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"ரிப்பேருன்னு சொன்ன பாரு, அதுகூடப் பரவால்ல. சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீ வண்டியில இல்லன்னு சொன்னியே. அது எதுக்குடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சிரிக்கிற பொம்மை வேண்டாம்.

உள்ளே பேத்தி எதற்கோ கூப்பிட்டாள். அவள் கையை ஊன்றி எழுந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இந்நேரத்துக்குக் கடலூர் பஸ்ஸுல கும்பல் ஜாஸ்தியா இருக்காது" என்றாள். "ஒக்கார எடம் கெடைக்கும். கெளம்பு."